பத்தை கட்டிய கை

மாத்தளை என்றதும் அலுவிகாரைக் குகைகள் நினைவுக்கு வரும். கி.மு. முதலாம் நூற்றாண்டிலே, வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக வழங்கிவந்த பாளித் திரிபிடகம் அங்கேதான் ஏட்டிலே பொறிக்கப்பட்டது என்பது மரபு. ஏடெழுதுதல் எளிய தொழிலன்று. இடக்கையில் ஓலையை ஏந்தி, அக்கையின் பெருவிரலையே எழுத்தாணிக்கு அணையாக வைத்து, வலக்கையின் மணிக்கட்டு நடுங்காமல் எழுத வேண்டும். அவ்வாறு எழுதியவர் ஒருவருக்குக் கை முறிந்திருந்தால் என்ன செய்திருப்பர்?

பத்தை வைத்துக் கட்டியிருப்பர். முறிந்த உறுப்பை அசையாமல் நிறுத்தப் பட்டையோ குச்சியோ வைத்துக் கட்டும் முறை மிகப் பழையது. எகிப்திய கல்லறைகளிலே கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 4,500 ஆண்டு பழைமையுள்ள பத்தைகளை எலியட் சிமித் என்ற அறிஞர் 1908இல் விவரித்தார். அவற்றுள் ஒன்று முன்கை முறிவுக்குக் கட்டியது.

நம் நாடுகளில் இக்கலையைத் தெளிவாகக் கூறும் நூல் சுசுருத சங்கிதை. அத்தி, அரசு, ஆல், மருது முதலிய மரங்களின் பட்டையையும் மூங்கிலையும் பத்தைக்கு உரியனவாக அது கூறுகிறது. கட்டு நெகிழ்ந்தால் பொருத்து நிலைகொள்ளாது. இறுகினால் வீக்கமும் நோவும் சீழும் உண்டாகும் என்று எச்சரிக்கிறது. குளிர்காலத்தில் ஏழு நாளுக்கு ஒருமுறையும், வெயிற்காலத்தில் மூன்று நாளுக்கு ஒருமுறையும் கட்டை அவிழ்த்து மாற்ற வேண்டும் என்று கணக்கும் தருகிறது. முழங்கை விலகினால் அதை இருத்திய பின் நீட்டியும் மடக்கியும் பார்க்கச் சொல்கிறது. இவை எல்லாவற்றையும்விட வியப்பானது வேறொன்று. உள்ளங்கை முறிவு ஆறிய பின், நோயாளி முதலிற் சாண உருண்டையையும், அடுத்து மண்ணுருண்டையையும், கையிலே வலிமை சேர்ந்த பின் கல்லையும் பிடித்துப் பழக வேண்டும் என்கிறது அந்நூல். எலும்பு பொருந்தியதோடு வைத்தியம் முடிந்துவிடவில்லை, கை தன் தொழிலுக்குத் திரும்ப வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு முன்னரே இருந்தது. இன்று மறுவாழ்வுச் சிகிச்சை என்று நாம் பெயரிட்டு அழைப்பதன் வித்து அந்தச் சாண உருண்டைதான் என்றால் மிகையாகாது.

அலுவிகாரைக்குச் சில நூற்றாண்டுகளின் பின், இலங்கையை ஆண்ட புத்ததாச மன்னன் தானே வைத்தியனாக விளங்கியதையும், முடவருக்கும் குருடருக்கும் உறைவிடம் அமைத்ததையும் சூளவம்சம் போற்றுகிறது. கிராமந்தோறும் கைமாறி வந்த முறிவு வைத்தியம், சிங்களத்திலே கெடும் பிந்தும் வெதகம் எனப்படுவது, இன்றும் இந்நாட்டில் வாழ்கிறது. மூலிகை எண்ணெய், அரைத்த இலைப்பற்று, மூங்கிற் பத்தை ஆகியனவே அதன் கருவிகள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மாத்தளைக்கு வேறு வகையான கைகள் வந்தன. கோப்பித் தோட்டங்களுக்காகச் சேலம், திருச்சி முதலிய மாவட்டங்களிலிருந்து புறப்பட்ட தமிழ் மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தனர். வழியிலே மாண்டவர் பலர். மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது 1880இல். அதற்குள் கோப்பியை நோய் அழிக்கத் தொடங்கிவிட்டது. பின்னர் தேயிலையும் இறப்பரும் வந்தன. கொழுந்து பறிப்பதற்குப் பெருவிரலும் சுட்டுவிரலும் வேண்டும். பால் வெட்டுவதற்கு மணிக்கட்டு வேண்டும். கவ்வாத்துக் கத்திக்கு முழங்கை வேண்டும். நாட்கூலிக்கு உழைப்பவரின் கை ஒரு மாதம் கட்டிலே கிடந்தால், அந்த மாதம் அடுப்பிலும் ஒன்றும் இராது. தோட்டப் பகுதிகளின் வைத்திய வசதிக்கென 1872இல் சட்டம் பிறந்தது. ஆயினும் கை முறிந்தவரைக் கிராமத்து வெதமாத்தயாவிடம் அழைத்துச் செல்லும் வழக்கம் மறையவில்லை. மொழி வேறாயினும் எலும்பு ஒன்றே அல்லவா!

அந்த வைத்தியத்தின் சிறப்பு, கட்டை அடிக்கடி அவிழ்த்து எண்ணெயிட்டு மாற்றுவதிலே இருந்தது. அதன் ஆபத்து, இறுக்கத்திலே இருந்தது. குழந்தை விழுந்து முழங்கைக்கு மேல் எலும்பு முறியும்போது, கட்டு இறுகினால் இரத்தவோட்டம் தடைப்பட்டு முன்கைத் தசைகள் பட்டுப்போகும். பின் மணிக்கட்டும் விரல்களும் மடங்கியே நின்றுவிடும். இக்கேட்டினை 1881இல் விளக்கியவர் வொல்க்மன் என்ற ஜெர்மானிய அறுவை வைத்தியர். அவர் கண்டது கற்றறிந்த வைத்தியர் கட்டிய கட்டுகளில் என்பதை, நாட்டு வைத்தியரைப் பழிப்போர் மறந்துவிடுகின்றனர்.

ஒல்லாந்து இராணுவ வைத்தியர் மத்தைசன் 1852இல் சாந்துக் கட்டை வெளியிட்டார். துணியிலே ஜிப்சத்தூளைத் தூவி, நனைத்துச் சுற்றினால் சில நிமிடங்களிற் கல்லாகிவிடும். முறிந்த எலும்புக்கு அது பெரும்பேறு. கைக்கோ அது அரை நன்மை. நெடுநாள் அசையாதிருந்த முழங்கை விறைத்துவிடும். தவறான நிலையிற் கட்டப்பட்ட விரல்கள் எலும்பு பொருந்திய பின்னும் மடங்கா.

நேயர்கள் இதனை இருந்த இடத்திலேயே சோதிக்கலாம். மணிக்கட்டை உட்புறமாக முழுவதும் மடக்கிக்கொண்டு, ஒரு கோலை இறுகப் பிடித்துப் பாருங்கள். பிடி தளரும். மணிக்கட்டைச் சற்றே பின்னுக்கு நிமிர்த்துங்கள். பிடி தானே வலுக்கும். மேற்கை எலும்பு முறிந்து அதனையொட்டி ஓடும் நரம்பு பழுதானவருக்கு மணிக்கட்டு தொங்கிவிடும். விரல்களை மடக்கும் தசைகள் நன்றாயிருந்தும் அவரால் ஒரு குவளையைப் பற்ற முடியாது. மணிக்கட்டை இருபது முப்பது பாகை நிமிர்த்தித் தாங்கும் சிறு பத்தை ஒன்று, நரம்பு தேறும்வரை அவருக்குக் கையைத் திருப்பித் தந்துவிடுகிறது. இங்கே பத்தையின் வேலை தடுப்பதன்று, தொழிற்படச் செய்வது.

இவ்வுண்மையை இரண்டாம் உலகப் போர் உரத்துக் கூறியது. 1944இல் கையின் அறுவை பற்றிப் பெருநூல் எழுதிய அமெரிக்கரான ஸ்டேர்லிங் பன்னெல், வில்லும் றப்பரும் பூட்டி விரலை மெல்ல இழுக்கும் அசையும் பத்தைகளைப் பரப்பினார். அடுத்து இளம்பிள்ளைவாதம் அதே பாடத்தைப் படிப்பித்தது. இலங்கையில் 1962இல் அந்நோய் கடுமையாகப் பரவியது. தடுப்பு மருந்தின் பயனாய் 1993க்குப் பின் இங்கு அதன் சுவடில்லை.

எனினும் தமிழர் பெருமையோடு நினைக்கத்தக்க பணி நடந்தது வேலூரிலே. கொல்லிமலையில் 1914இற் பிறந்த போல் பிராண்ட், 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயால் தாமே உதிர்கின்றன என்று உலகம் நம்பிய காலம் அது. உணர்ச்சியற்ற கை சூட்டையும் கூரையும் அறியாது காயப்படுவதே பெருங்காரணம் என்று அவர் காட்டினார். நரம்பு பழுதாகிக் கொக்கிபோல் மடங்கிய விரல்களுக்கு 1948 முதல் தசைநாண்களை இடம் மாற்றி வைத்து உயிரூட்டினார். ஆனால் விறைத்த விரலுக்கு எந்தத் தசைநாணும் உதவாது. முதலில் அது நிமிர வேண்டும். வலிந்து இழுத்தால் திசு கிழிந்து, வடுவாகி, முன்னிலும் விறைக்கும். ஆகவே விரலை நோகாத அளவுக்கு நிமிர்த்தி மெல்லிய சாந்து உறை இடுவர். சில நாளில் அதைக் கழற்றி, இன்னும் சற்று நிமிர்த்தி, மறு உறை இடுவர். இடைவிடாத மெல்லிய இழுப்பிலே உயிருள்ள திசு வளர்ந்து கொடுக்கும் என்பது அவர் கண்ட நெறி. சுசுருதரின் நாட்கணக்கு இங்கே மீண்டும் வந்துவிடுகிறது.

உணர்ச்சியற்ற கைக்குப் பத்தையே பகையாகவும் கூடும். ஓரம் அழுத்துவதை நோயாளி உணரார். புண் விழுந்த பின்னரே தெரியும். ஆதலால் உறையின் ஒவ்வொரு மடிப்பையும் வைத்தியரே நோயாளிக்காக உணர வேண்டியிருந்தது. 1951இல் அங்கு தொடங்கிய நவஜீவ நிலையத்தில் குணமடைந்தோர் தச்சு வேலை பழகினர். 1955இல் காரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. பிராண்டிடம் கை அறுவை பயின்றவருள் மேரி வர்கீஸ் ஒருவர். 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த பின்னும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே பிறர் கைகளைச் சீர்செய்தார். வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை 1963இல் அமைத்தவரும் அவரே.

இன்று பத்தைகள் பெரும்பாலும் ஒருவகைப் பிளாஸ்டிக்குத் தகட்டால் ஆகின்றன. வெந்நீரில் இட்டால் அது துணிபோல் துவளும். எடுத்துத் துடைத்து, நோயாளியின் கைமேலேயே படியவைத்தால் சில நிமிடங்களில் இறுகிவிடும். பொருந்தாவிடின் மீண்டும் வெந்நீரில் இட்டுத் திருத்தலாம். மணிக்கட்டு சற்று நிமிர்ந்து, விரலடி மூட்டுகள் மடங்கி, விரல்கள் நீண்டு, பெருவிரல் உள்ளங்கையை விட்டு விலகி நிற்கும் நிலையே கை விறைக்காதிருக்க ஏற்றது. சிகிச்சையாளர் அதைப் பாகைமானியால் அளந்து, பட்டிகளைப் பூட்டி, இரவில் மட்டும் அணியச் சொல்லி வீட்டுக்கு அனுப்புவார். பகலுக்கென்று பிசைவதற்கு ஒரு மெழுகுக் களி உருண்டையும் கொடுப்பார். முதலில் மெத்தென்றது, பின்னர் கடினமானது.