மண்டையோட்டை அளந்தால் இனம் தெரியுமா?



நேற்று நம் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. ஆதிச்சநல்லூர் மண்டையோடு ஒன்றைப் போட்டு, "நம் இனத்துக்கு இதுவே சான்று" என்று எழுதியிருந்தார்கள். பலர் கைதட்டியிருந்தீர்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரை 1876இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டினார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அங்கே நூற்றுக்கணக்கில் தாழிகளையும் பொருள்களையும் எடுத்தார். அக்காலத்தில் பிரெஞ்சுக்காரர் லூயி லாப்பிக்கும் வந்து தோண்டினார். உடையாமல் கிடைத்த சில மண்டையோடுகளை அளந்து, இது இன்ன இனம், அது இன்ன இனம் என்று அறிஞர்கள் பெயர் வைத்தார்கள்.

இரண்டு பிள்ளைகளை அளந்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தின் உயரத்தைச் சொல்ல முடியுமா? ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளிலேயே ஒருவன் நெட்டை, ஒருவன் குட்டை.

இதற்கு முறையான கணக்கு தந்தவர் கொல்கத்தாவின் பி.சி. மகலனோபிஸ். இரண்டு மக்கள் கூட்டங்களுக்கு இடையிலான 'தூரத்தை' அளக்கும் வாய்பாட்டை 1936இல் வெளியிட்டார். அதில் இரண்டு செய்திகள் உண்டு. கூட்டங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டை, ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் இருக்கும் வேறுபாட்டோடு வைத்துத்தான் எடைபோட வேண்டும். அடுத்து, நெட்டையானவனுக்குக் கையும் நீளமாகத்தான் இருக்கும். இரண்டையும் தனித்தனியே கூட்டினால் ஒன்றையே இருமுறை எண்ணியதாகிவிடும். அந்த இரட்டைக் கணக்கை இந்த வாய்பாடு நீக்கிவிடும்.

சூடானில் ஜெபல் மோயா என்ற இடத்தில் ஹென்றி வெல்கம் தோண்டியெடுத்த எலும்புகளை, 1946இல் கேம்பிரிட்ஜ் சென்ற சி.ஆர். ராவ் இந்த முறையில் ஆராய்ந்தார். 1955இல் அது நூலாக வந்தது. அந்தக் கணக்கு காட்டுவது கூட்டங்களின் நெருக்கத்தை மட்டுமே. அதில் உயர்வு தாழ்வுக்கு இடமில்லை.

நானும் தவறியவன்தான். பல ஆண்டுகளுக்கு முன், இனப் பிரிவுப் பாடம் நடத்தும்போது முன்வரிசை மாணவன் ஒருவனின் முகத்தைக் காட்டி உதாரணம் சொன்னேன். வகுப்பே சிரித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். இன்று அவனும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறான். தம்பி, என்னை மன்னித்துவிடு.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இனி இப்படிப் படம் வந்தால், அனுப்புமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை பேரை அளந்தார்கள்? யாரோடு ஒப்பிட்டார்கள்?