நாழிகை வட்டிலும் நூற்சான்றும்

மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதானகோசம் 1902 இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. அக்கலைக்களஞ்சிய மரபில் நாழிகை வட்டிலைப் பற்றி எழுதப் புகுவோர், சான்றுகளின் காலத்தையும் இடத்தையும் முதற்கண் ஆராய்தல் வேண்டும். முல்லைப்பாட்டுக் கூறும் குறுநீர்க் கன்னல் எவ்வாறு இயங்கிற்றென அந்நூல் விளக்கவில்லை. உரைகண்ட நச்சினார்க்கினியரோ பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர். வடநூல்களைத் துணைக்கொள்ளின் சிக்கல் மிகும். அர்த்தசாஸ்திரம் கூறுவது துளைவழி நீரொழுகும் குடம். சூரிய சித்தாந்தம் கூறுவதோ, அடித்துளைவழி நீர் புகுந்து அமிழும் செப்புக் கிண்ணம். இவ்விரண்டையும் ஒன்றாக்கி எழுதுவது பெரும் பிழை.

கண்டியரசனிடம் இத்தகைய கிண்ணம் இருந்ததென றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலிற் குறித்துள்ளார். குடிகள் பொழுதை உத்தேசமாகவே கணித்தனரென்றும் அவரே கூறுகின்றார். ஆதலின் அது கண்டியரசனுக்குரிய கருவிக்கே சான்று; யாழ்ப்பாணத்து வழக்கை அதனைக்கொண்டு நிறுவ இயலாது.