தென்கோடித் தீவின் காரம்

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியத் தீவின் தலைநகரம் ஹோபார்ட். அதன் முதுகுப்புறம் 1,271 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது குனன்யி மலை. கோடையிலும் சில நாள் பனி விழும் அந்தச் சரிவுகளில் கரும்பச்சை இலையும் ரத்தச்சிவப்பான இளந்தண்டுமாக ஒரு புதர் வளர்கிறது. ஆண்டு முழுவதும் இலை உதிராது. மார்ச் வந்தால் கறுப்பு மணிகளாகப் பழுக்கும். ஒன்றை வாயில் போட்டால் முதலில் இனிப்பு. விதை கடிபட்டதும் காரம் ஏறி, நாக்கு மரத்துப்போகும். ஊர்க்காரர்கள் இதை மலைமிளகு என்கிறார்கள். தாவரவியல் நூல்களில் டாஸ்மானியா லான்சியோலாட்டா.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மிளகுக்கொடிக்கு இது உறவில்லை. மிளகின் காரம் பைப்பரினால் வருவது. இதன் காரம் பாலிகோடியால் என்ற வேறொரு பொருளால். அது இலையிலும் உண்டு. பூச்சிகள் இலையைத் தின்னாமல் தடுக்கும் சக்தியும் அதற்கு உண்டு.

இதன் சொந்தங்கள் நியூசிலாந்திலும் தென் அமெரிக்காவிலும் உண்டு. நிலங்கள் ஒட்டியிருந்த கோண்டுவானா காலத்தின் மிச்சம் இந்தக் குடும்பம். 1578இல் பிரான்சிஸ் டிரேக்கின் பயணத்தில் ஒரு கப்பலுக்குத் தலைவராக இருந்த ஜான் வின்டர், மகெல்லன் நீரிணைக் கரையில் இக்குடும்பத்து மரம் ஒன்றின் காரமான பட்டையை எடுத்து, ஸ்கர்வி நோய் கண்ட மாலுமிகளுக்குக் கொடுத்தார். அந்த மரம் சிலியின் மபூச்சே மக்களுக்கு இன்றைக்கும் புனித மரம். சடங்குகளில் அதன் கிளை இருக்கும், மருந்துக்கும் அதுவே. அங்கே மரமும் அதை அறிந்தவர்களும் பிரியவில்லை.

டாஸ்மேனியாவில் நடந்தது வேறு. சுமார் நாற்பதாயிரம் ஆண்டுகளாக அந்தக் காடுகளில் வாழ்ந்த மக்களின் மண்ணில், 1803இல் ரிஸ்டன் கோவ் என்ற இடத்தில் ஆங்கிலேயர் முதல் குடியேற்றத்தை அமைத்தார்கள். மறு ஆண்டு மே மாதமே அங்கு வந்த பழங்குடியினரைப் படைவீரர்கள் சுட்டுக் கொன்றார்கள். 1820களில் அது போராக மூண்டது. எஞ்சியவர்கள் ஃபிளிண்டர்ஸ் தீவுக்கு அனுப்பப்பட்டார்கள்; அங்கே பலர் நோயில் மடிந்தார்கள். 1847இல் அங்கிருந்து திரும்பக் கொண்டுவரப்பட்டவர்கள் 47 பேர். எந்தச் செடி எப்போது பழுக்கும், எதற்கு ஆகும் என்று தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய அறிவில் பெரும்பகுதி இந்த நாற்பது சொச்சம் ஆண்டுகளில் சிதைந்தது. மலைமிளகின் வரலாற்றை எழுதும்போது இதைத் தாண்டிப்போவது நியாயமாகாது.

குடியேறியவர்கள் பழத்தை உலர்த்தி மிளகுக்குப் பதிலாகப் பயன்படுத்தியதுண்டு. ஆனால் யாரும் அதைப் பயிராக நினைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான், ஆஸ்திரேலியச் சமையல்காரர்கள் தங்கள் மண்ணின் சுவைகளைத் தேடத் தொடங்கியபோது, மலைமிளகுக்குச் சந்தை பிறந்தது.

பயிராக்குவது எளிதாக இருக்கவில்லை. பனையைப் போல இதிலும் ஆண் தனி, பெண் தனி. பழம் பெண் செடியில் மட்டுமே. ஆனால் பக்கத்தில் ஆண் இல்லாவிட்டால் அதுவும் பிடிக்காது. விதை முளைக்க வெகுகாலம் எடுக்கும். முளைத்த கன்று எந்தப் பால் என்று பூக்கும்வரை சொல்ல முடியாது. அதனால் நல்ல பெண் செடியிலிருந்து தண்டு வெட்டி வேர்பிடிக்க வைக்கிறார்கள். நடுநடுவே சில ஆண்கள். காட்டுச் செடிகளுக்குள் காரத்தில் பெரிய வேறுபாடு உண்டு. சிலவற்றில் உடலுக்கு ஆகாத சாஃப்ரோல் என்ற பொருள் கூடுதலாக இருக்கும். அது குறைந்து காரம் மிகுந்த செடிகளைத் தேடிப் பிடிப்பதே ஆய்வாளர்களின் முதல் வேலையாக இருந்தது.

மண் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக்கூடாது; தேங்கினால் வேரழுகல் பிடிக்கும். உறைபனியைத் தாங்கும் செடி வெயிலையும் வறட்சியையும் தாங்காது. தோட்டங்கள் வந்த பிறகும் பழத்தில் ஒரு பங்கு காட்டிலிருந்தே வருகிறது. அரசுக் காடுகளில் பறிக்க அனுமதி வேண்டும். மார்ச் முதல் மே வரை கையால்தான் பறிப்பு. ஓர் ஆண்டு கிளை முறியக் காய்த்தால் மறு ஆண்டு ஏமாற்றும். கறுப்பு கரவாங் பறவைகளும் பங்கு கேட்கும்.

உலர்ந்த பழம் சாற்றில் விழுந்தால் ஊதா நிறம் இறங்கும். நெடுநேரம் கொதித்தால் காரம் மங்கிவிடும் என்பதால் இறக்கும் நேரத்தில் சேர்ப்பவர்கள் உண்டு. அரைத்த இலை பாலாடைக்கட்டியிலும் இறைச்சியிலும் சேர்கிறது. பழம் ஜின் மதுவில் ஊறுகிறது. ஜப்பானில் வசாபிக்குக் காரம் ஏற்றவும் இது போயிருக்கிறது.

ஆஸ்திரேலியக் காட்டு உணவு வணிகம் வளர்ந்தாலும் அதில் பழங்குடியினரின் கைக்குப் போகும் பங்கு மிகச் சிறியது. பலவா என்று தங்களை அழைத்துக்கொள்ளும் டாஸ்மேனியப் பழங்குடி மக்கள் அழிந்துவிட்டார்கள் என்று பாடநூல்கள் நெடுங்காலம் எழுதின. அவர்களோ நிலத்துக்காகத் தொடர்ந்து போராடினார்கள். 1995இல் ரிஸ்டன் கோவ் அவர்களிடம் திருப்பித் தரப்பட்டது. இப்போது பலவா சமையல்காரர்கள் வாலபி இறைச்சியில் மலைமிளகைத் தூவி, தாங்களே விருந்தினருக்குப் பரிமாறுகிறார்கள்.