கள்ளைக் காடியாக்கும் காற்று: முட்டியிலிருந்து கானுக்கு மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

வன்னியில் பனையும் தென்னையும் சீவி வாழும் குடும்பங்களுக்குக் கள்ளின் பெறுமதி சில மணித்தியாலங்கள்தான். காலையில் இறக்கிய கள்ளு தவறணைக்குப் போய்ச் சேருமுன் புளித்துவிட்டால் அன்றைய உழைப்பு வீண். போருக்குப் பிறகு இந்த இழப்பு இன்னும் கனக்கிறது. முகமாலை, பளைப் பக்கங்களில் எறிகணை பட்டு வட்டிழந்த பனைகளும், பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்ட பனைகளும் ஏராளம். இன்று ஊன்றும் பனங்கொட்டை சீவும் மரமாக வளர ஏறத்தாழ 15 ஆண்டுகள் வேண்டும். ஆகவே எஞ்சிய மரங்கள் தருவதைக் கெடாமல் காப்பதே கைக்கெட்டிய வழி. அதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. காற்று படும் இடங்களைக் குறைத்தாலே பெரும் பலன் உண்டு.

புளிப்பு எங்கிருந்து வருகிறது?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் 1980களிலேயே பனங்கள்ளின் நுண்ணுயிர்களை ஆராய்ந்திருக்கிறார்கள். கள்ளில் முக்கியமாக மூன்று வகையான நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. இலற்றிக் அமிலப் பற்றீரியா மெல்லிய புளிப்பைத் தருகிறது. மதுவம் சீனியை அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகிறது. இந்த இரண்டும் காற்று இல்லாமலே நடக்கும். மூன்றாவதான அசற்றிக் அமிலப் பற்றீரியாவுக்கு ஒட்சிசன் வேண்டும். அது அற்ககோலைக் காடியாக்கிவிடும். தொண்டையைக் கீறும் அந்தக் காரப் புளிப்பு இதனால்தான் வருகிறது. காற்றைத் தடுத்தால் முதல் புளிப்பை நிறுத்த முடியாது, ஆனால் காடிப் புளிப்பை நன்றாகத் தாமதிக்கலாம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 20 லீற்றர் கானில் 10 லீற்றர் கள்ளு இருந்தால் மீதி 10 லீற்றரும் காற்று. அதில் சுமார் இரண்டரைக் கிராம் ஒட்சிசன் இருக்கும். அது முழுவதும் செலவானால் ஒவ்வொரு லீற்றர் கள்ளிலும் ஏறத்தாழ அரைக் கிராம் அசற்றிக் அமிலம் சேரும். மூடியைத் திறந்து திறந்து அளந்து ஊற்றும்போது ஒவ்வொரு முறையும் புதிய காற்று உள்ளே போகிறது. குலுங்கும் பாதையில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகும்போது அந்தக் காற்று கள்ளுடன் நன்றாகக் கலந்தும்விடுகிறது.

மாற்றும் முறை

வெளிநாடுகளில் வீட்டில் பியர் வடிப்பவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. அவர்கள் உருக்குக் கலனைத் தண்ணீரால் நிரப்பி, அந்தத் தண்ணீரைக் காபனீரொட்சைட்டால் வெளியே தள்ளி, பிறகு அடிவரை செல்லும் குழாய் வழியாகப் பியரை ஏற்றுவார்கள். நம்மிடம் வாயு உருளை இல்லாவிட்டாலும், பொங்கும் கள்ளே அந்த வாயுவைத் தருகிறது. அது காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரமானது. கலக்காமல் விட்டால் சிறிது நேரத்துக்குக் கள்ளின் மேல் போர்வைபோல் படிந்திருக்கும்.

• கானையும் குழாயையும் பழைய மண்டி இல்லாமல் கழுவி, கொதிநீரால் அலசுங்கள். புளித்த மண்டியில்தான் காடிப் பற்றீரியா தங்கியிருக்கும். சூடு தாங்காத பிளாஸ்ரிக் கானைத் தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள்.

• பன்னாடையில் வடிப்பதை மரத்தடியிலேயே ஒரே தடவையில் முடித்துவிடுங்கள். நுரை அடங்கும்வரை காத்திருக்காமல், பொங்கிக்கொண்டிருக்கும்போதே கானுக்கு மாற்றுங்கள்.

• புனல் வைத்து உயரத்திலிருந்து ஊற்ற வேண்டாம். பாத்திரத்தை மேட்டில் வைத்து, உணவுக்கு உகந்த குழாயின் நுனி கானின் அடியைத் தொடும்படி விட்டு, சத்தமில்லாமல் நிரப்புங்கள்.

• பாதி நிரம்பிய பெரிய கானைவிடக் கழுத்துவரை நிரம்பிய சிறிய கான்கள் நல்லவை. விற்கும்போதும் ஒன்றை முடித்த பிறகே அடுத்ததைத் திறவுங்கள்.

• வெயில் படவிடாதீர்கள். ஈரச் சாக்கு போர்த்தினால் நுண்ணுயிர்களின் வேகம் குறையும்.

இறுக மூடுவது ஆபத்து

காற்றைத் தடுப்பதற்காக இறுக்கி மூடிவிடக் கூடாது. ஒரு லீற்றர் பனஞ்சாற்றில் 100 கிராமளவு சீனி இருந்து, அது முழுவதும் நொதித்தால் 25 லீற்றருக்கு மேல் வாயு வெளிவரும். கண்ணாடிப் போத்தல் வெடித்தால் கண்ணே போகலாம். மூடியில் துளையிட்டு மெல்லிய குழாயொன்றைக் காற்றுப் புகாமல் பொருத்தி, அதன் மறுமுனையைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் அமிழ்த்தி வையுங்கள். வாயு குமிழியாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே வராது. வண்டியில் ஏற்றும்போது இதைக் கழற்றிவிட்டு மூடியைத் தளர்த்தி வைத்தால் போதும். நொதிக்கும் பெரிய பரலுக்குள் தலையை விடவும் கூடாது. அதில் தேங்கிய வாயு மயக்கமடையச் செய்யும், உயிரையும் பறிக்கலாம்.

பல மாதம் இருக்கும் போத்தல் கள்ளு வேறு வகை. அதைச் சூடாக்கி நுண்ணுயிர்களை அடக்கிய பிறகே இறுக மூடி வைக்கிறார்கள். அதற்குரிய வசதியும் மதுவரித் திணைக்கள அனுமதியும் இல்லாமல் வீட்டில் முயலக் கூடாது.

இவ்வளவு செய்தும் புளித்துவிட்ட கள்ளைக் கொட்டிவிட வேண்டியதில்லை. அகன்ற வாய் மண்பானையில் ஊற்றி, மெல்லிய துணியால் மூடி, நிழலில் சில வாரங்கள் விட்டால் வினாகிரியாகும். கள்ளைக் கெடுத்த அதே காற்று அங்கே உதவிக்கு வரும்.