ஆட்டுக்கு விடாத தும்மலா? சளினு அலட்சியமா விட்டுடாதீங்க!

ஆவடி, பட்டாபிராம், திருவேற்காடு, பூந்தமல்லி... ஒரு பக்கம் அபார்ட்மென்ட் முளைச்சுக்கிட்டே இருந்தாலும், காலி மனைகளிலும் ஏரிக்கரைகளிலும் ஆடுகள் மேய்வதை இன்னைக்கும் பார்க்கலாம். நம்ம திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் வளர்க்கப்படும் 'மெட்ராஸ் சிவப்பு' செம்மறியும் அதில் உண்டு. ரெண்டு ஆடு வளர்த்து, பக்ரீத்துக்கோ பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸுக்கோ விற்கிற குடும்பங்களுக்கு அந்த ஆடுகள்தான் சேமிப்பு.

அப்படிப்பட்ட ஆடு விடாமல் தும்மி, மூக்கில் சளி ஒழுகினால் என்ன செய்வோம்? 'பனி ஒத்துக்கலபோல' என்று விட்டுவிடுவோம். ஆனால், உள்ளே புழு இருக்கலாம்!

உட்காராமலே குட்டி போடும் ஈ

இதற்குக் காரணம் 'ஈஸ்ட்ரஸ் ஓவிஸ்' என்கிற மூக்கு ஈ. சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளம், சாம்பல் நிறம். வளர்ந்த ஈக்கு இரை தின்னும் வாயே கிடையாது. இது முட்டையும் இடாது. ஆட்டின் மூக்கருகே பறந்தபடியே, உயிருள்ள குட்டிப் புழுக்களை ஒரு சொட்டு திரவத்தோடு பீய்ச்சிவிட்டுப் போய்விடும். ஒரு புழுவின் நீளம் 1 மில்லிமீட்டர்தான். அது மூக்கின் உட்சவ்வில் தொற்றிக்கொண்டு மெல்ல மேலேறி, நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளுக்குப் போய் 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை வளரும்.

குதிரைகளுக்கும் இதே போல ஒரு எதிரி உண்டு. 'ரைனோஈஸ்ட்ரஸ்' என்கிற நெருங்கிய உறவுக்கார ஈ, மத்திய ஆசியா, ஆப்பிரிக்கா போன்ற பகுதிகளில் குதிரை, கழுதைகளின் மூக்கில் இதே வேலையைச் செய்கிறது.

உள்ளே நடக்கும் சண்டை

புழு நுழைந்ததும் ஆட்டின் உடம்பு சும்மா இருக்காது. மூக்குச் சவ்வில் இருக்கும் 'மாஸ்ட்' செல்கள் அலாரம் அடிக்க, 'ஈயோசினோஃபில்' என்கிற வெள்ளை அணுக்கள் படையாகத் திரண்டு வரும். சவ்வு வீங்கி, சளி பெருகும். ரத்தத்தில் புழுவுக்கு எதிரான ஆன்டிபாடிகள் உருவாகும். ஏற்கெனவே புழுத் தாக்குதலைப் பார்த்த ஆட்டின் உடம்பு, அடுத்த முறை இன்னும் வேகமாக எதிர்க்கும். இதனால் பல புழுக்கள் சாகும்; பல வளராமல் குன்றிப்போகும்.

புழுவும் லேசுப்பட்டதில்லை. அது சுரக்கும் என்சைம்கள் அந்த ஆன்டிபாடிகளையே வெட்டிப்போடக்கூடியவை. சூழல் சரியில்லை என்றால், முதல் பருவத்திலேயே வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு மாதக்கணக்கில் பதுங்கியும் இருக்கும்.

இந்தச் சண்டையில் அடிபடுவது ஆட்டின் மூக்குதான். திருடனை அடிக்கிற அடியில நம்ம வீட்டுப் பாத்திரமே உடையிற மாதிரி, வீக்கம், மூச்சுத்திணறல் எல்லாம் பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்பாலேயே வருகிறது. மூச்சுவிடவே கஷ்டப்படும் ஆடு சரியாக மேயாது, எடை குறையும். வெள்ளாட்டைவிட செம்மறிக்கு இந்தத் தொல்லை அதிகம்.

முக்கியமான இன்னொரு விஷயம். 'தும்மி வெளியே தள்ளிடுச்சு, இனி பிரச்னை இல்லை' என்று நினைக்காதீங்க. முழுசா வளர்ந்த புழு எதிர்பார்ப்பதே அந்தத் தும்மலைத்தான்! மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகி, சில வாரங்களில் ஈயாகி, மறுபடியும் உங்க மந்தைக்கே வரும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* வெயில் நேரத்தில் ஆடுகள் மூக்கைத் தரையில் அழுத்துவது, ஒன்றின் உடம்பில் இன்னொன்று முகம் புதைப்பது, காலை உதைப்பது. இதெல்லாம் ஈக்குப் பயந்து செய்பவை.

* கெட்டியான சளி, சில சமயம் ரத்தம் கலந்து. தொடர் தும்மல், தலையை உதறுவது.

* தலையைச் சாய்த்து வட்டமடித்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்க. மூளையைத் தாக்கும் நாடாப்புழு நோயிலும் இதே அறிகுறி வரும்.

* சளியோடு காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சலும் இருந்தால் அது ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கலாம். மற்ற ஆடுகளுக்கும் பரவும், தாமதிக்கவே கூடாது.

என்ன செய்யலாம்?

மூக்கில் எண்ணெய், மண்ணெண்ணெய் எதையும் ஊற்றாதீங்க. நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. 2015-ல் நோபல் பரிசு பெற்றுத் தந்த கண்டுபிடிப்பான 'ஐவர்மெக்டின்' இந்தப் புழுவுக்கு நன்றாகக் கேட்கும். ஆனால், ஆட்டின் எடையைப் பார்த்துத்தான் அளவு. பால் கறக்கும் ஆடா, சினை ஆடா, விரைவில் கறிக்கு விற்கப்போகிறீர்களா என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்க. மருந்து கொடுத்த பிறகு குறிப்பிட்ட நாள்கள் வரை பாலையும் கறியையும் பயன்படுத்தக் கூடாது.

பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போகலாம். ஆட்டைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாதவர்கள் 1962-க்கு போன் செய்யலாம். வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது.

கொட்டகையில் புழு கிடந்தால் நசுக்கி அழித்துவிடுங்க. ஒரு ஆட்டுக்கு இருந்தால் மந்தை முழுக்கவே பார்க்கச் சொல்லுங்க.

உங்க கண்ணும் பத்திரம்!

மேய்ப்பவர்களின் கண்ணிலும் இந்த ஈ புழுவைப் பீய்ச்சிவிடுவது உண்டு. ஏதோ வந்து 'பட்'டென அடித்த மாதிரி இருக்கும். சில மணி நேரத்தில் உறுத்தல், சிவப்பு, நீர் வடிதல். புழு அங்கே வளராது. ஆனாலும் கொக்கியால் பிடித்துக்கொள்வதால், கழுவினால் மட்டும் போகாது. கண்ணைத் தேய்க்காமல் கண் டாக்டரிடம் போங்க. மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எடுத்துவிடுவார்கள்.

உங்க ஆட்டோட உடம்பு அதால முடிஞ்ச அளவுக்குச் சண்டை போடத்தான் செய்யும். ஆனா, தனியா ஜெயிக்க முடியாது. மூணு நாள் தாண்டியும் தும்மல் நிக்கலைன்னா, டாக்டரைப் பார்த்துடுங்க.