சுட்டி, மென்பொருள், நிழற்படம்: இணையப் பகிர்வும் அதன் காப்பும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இன்று ஒருவர் தாம் படித்த கட்டுரையின் சுட்டி, பயன்படுத்திப் பார்த்த மென்பொருளின் பெயர், காலையில் எடுத்த படம் ஆகிய மூன்றையும் கைப்பேசியிலிருந்து ஒரே குழுவுக்கு ஒரே நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார். ஒரே செயல்போலத் தோன்றும் இம்மூன்றும் கணினி வலையமைப்புக்குள் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வழியாக வந்தவை. மென்பொருள் 1970களின் இறுதியில் வந்தது. சுட்டி 1990களின் தொடக்கத்தில் வந்தது. அன்றாடப் படம் 2000க்குப் பிறகே பெருகியது. இவை மூன்றும் வலைப்பதிவில் ஒன்றுகூடிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பகிர்வது எளிதாக ஆக ஆக, பகிர்ந்ததைக் காக்கும் பொறுப்பு பகிர்ந்தவர் கையை விட்டு விலகியது என்பதே இதன் கருதுகோள். தமிழ் இணையத்தின் தொடக்க காலம் இதற்குத் தனிச் சான்றாக அமைகிறது.

1. மென்பொருள்: தொலைபேசிக் கம்பியும் வட்டும்

1978 சனவரியில் பனிப்புயல் சிகாகோ நகரை முடக்கிப் போட்டது. அந்த நாள்களில் வார்டு கிறிஸ்டென்சனும் ராண்டி சூசும் தங்கள் கணினி மன்றத்தாருக்காகக் கணினியிலேயே ஓர் அறிவிப்புப் பலகை அமைக்க முனைந்தனர். பிப்ரவரி 16 அன்று அது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு கணினி, ஒரு மோடம், ஒரு தொலைபேசி எண். ஒருவர் இணைப்பைத் துண்டித்த பிறகே அடுத்தவர் உள்ளே வர முடியும்.

கோப்புகளைத் தொலைபேசி வழியே அனுப்பும் முறையைக் கிறிஸ்டென்சன் 1977இலேயே எழுதியிருந்தார். பின்னாளில் அது எக்ஸ்மோடம் எனப் பெயர் பெற்றது. கோப்பு 128 பைட்டுத் துண்டுகளாகப் போகும். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். கணக்கு ஒத்துவராவிட்டால் அத்துண்டு மட்டும் மறுபடி வரும். அன்றைய மோடம் நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகளைத்தான் கடத்தியது. எனவே 30 கிலோபைட் அளவுள்ள ஒரு நிரல் வந்துசேர 17 நிமிடங்களுக்கு மேல் ஆகும். வெளியூர் அழைப்பென்றால் அத்தனை நிமிடத்துக்கும் கட்டணம் ஏறும். எதை எடுக்கலாம் என்று முன்பே எடுத்துப் பார்த்தவர் சொல்லும் ஒரு வரிக்கு இதனால்தான் அவ்வளவு மதிப்பு இருந்தது.

1982இல் ஆண்ட்ரூ ஃபுளூகல்மன் பிசி-டாக் என்ற தம் நிரலை யாரும் படியெடுத்துக்கொள்ளலாம் என்று வழங்கினார். பிடித்திருந்தால் 25 டாலர் அனுப்புமாறு வேண்டினார். இம்முறையை அவர் ஃப்ரீவேர் என்றழைத்தார். அதே காலத்தில் ஜிம் நாஃப் பிசி-ஃபைல் நிரலை இவ்வாறே பரப்பினார். அடுத்த ஆண்டு பிசி-ரைட் நிரலை வெளியிட்ட பாப் வாலஸ், ஷேர்வேர் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பணம் கட்டிப் பதிவுசெய்த ஒருவரின் படியைப் பெற்று வேறொருவர் பதிவுசெய்தால் முன்னவருக்குப் பங்குத்தொகை உண்டு என்பது அவருடைய ஏற்பாடு. படியெடுப்பதைத் திருட்டாகக் கருதிய வணிக உலகில், படியெடுப்பவரையே விற்பனையாளராக்கிய முறை இது.

1985இல் ஃபுளூகல்மன் காணாமற்போனார். ஆனால் அவருடைய நிரல் எத்தனையோ வீடுகளின் வட்டுகளில் படிகளாகக் கிடந்தது. பெற்றவரே காப்பாளராகவும் இருந்த காலம் அது.

2. சுட்டி: வழிகாட்டியும் நாட்குறிப்பும்

1991 ஆகஸ்டு 6 அன்று டிம் பெர்னர்ஸ்-லீ தம் வைய விரிவு வலைத் திட்டத்தைச் செய்திக்குழு ஒன்றில் அறிவித்தார். தேடுபொறிகள் இல்லாத அந்நாளில் ஒரு தளத்தை அறிய இன்னொருவர் சொல்ல வேண்டும். மொசைக் உலாவியை உருவாக்கிய அமெரிக்க ஆய்வு மையம் 1993 முதல் புதிய தளங்களின் பட்டியலைத் தொடர்ந்து வெளியிட்டது. தளங்கள் பெருகியதும் கையால் பட்டியலிடுவது இயலாமற்போயிற்று.

அந்த வேலையைத் தனிமனிதர்கள் எடுத்துக்கொண்டனர். 1994 சனவரியில் சுவார்த்மோர் கல்லூரி மாணவர் ஜஸ்டின் ஹால் தாம் கண்ட தளங்களின் சுட்டிகளையும் தம் வாழ்க்கைச் செய்திகளையும் ஒரே பக்கத்தில் இடத் தொடங்கினார். 1997 டிசம்பரில் ஜார்ன் பார்கர் தம் சுட்டிக் குறிப்பேட்டுக்கு வெப்லாக் (வலைப்பதிவு) என்று பெயரிட்டார். 1999இன் தொடக்கத்தில் அறியப்பட்டிருந்த இத்தகைய தளங்கள் 23 மட்டுமே என்று வலைப்பதிவர் ரெபெக்கா பிளட் 2000இல் எழுதிய வரலாற்றுக் கட்டுரை குறிப்பிடுகிறது. ஒரு சுட்டி, அதனடியில் ஒன்றிரண்டு வரி கருத்து என்பதே அவற்றின் வடிவம். படித்தவரின் தேர்வையே வாசகர் நம்பினர்.

1999 ஆகஸ்டில் வலைப்பதிவு எழுத உதவும் பிளாகர் சேவை வந்தது. அது கொடுத்தது ஒரு வெற்றுப்பெட்டி. சுட்டி தந்தே ஆக வேண்டும் என்ற நெருக்குதல் அதில் இல்லை. சுட்டிக்குறிப்புகளை விஞ்சி நாட்குறிப்புகள் பெருகியதற்கு இவ்வடிவமும் ஒரு காரணம் என்பது பிளட்டின் கணிப்பு. நம் ஆய்வுக்கு இன்னொரு செய்தி முக்கியமானது. தொடக்கத்தில் பிளாகர், எழுதியதைப் பயனரின் சொந்த வழங்கிக்கே அனுப்பிவைத்தது. கருவி நிறுவனத்துடையது, கோப்பு எழுதியவருடையது.

3. நிழற்படம்: கடைசியில் வந்தது

வலையில் ஏறிய முதல் புகைப்படங்களுள் ஒன்று, 1992இல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் பாடிய மகளிர் இசைக்குழுவின் படம். எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டும் குறியை, மொசைக்கை உருவாக்கியோருள் ஒருவரான மார்க் ஆண்டிரீசன் 1993 பிப்ரவரியில் முன்மொழிந்தார். ஆயினும் ஃபிலிமைக் கழுவி, அச்சிட்டு, வருடியில் வைத்து ஏற்றுவதற்குள் அன்றாடப் படத்தின் அன்றாடத்தன்மை போய்விடும்.

1997 சூன் 11 அன்று கலிஃபோர்னியாவில் ஃபிலிப் கான், மருத்துவமனையில் பிறந்த தம் மகளின் படத்தைக் கேமராவும் கைப்பேசியும் மடிக்கணினியும் சேர்ந்த தற்காலிக அமைப்பால் நண்பர்களுக்கு அனுப்பினார். 2000இல் சப்பானில் ஷார்ப் நிறுவனத்தின் கேமராக் கைப்பேசி விற்பனைக்கு வந்தது. 2004 பிப்ரவரியில் வான்கூவரில் படப்பகிர்வுத் தளமான ஃபிளிக்கர் தொடங்கியது. அதை உருவாக்கிய நிறுவனம் முதலில் செய்துகொண்டிருந்தது ஓர் இணைய விளையாட்டு. முந்தைய ஆண்டில் ஜோஷ்வா ஷாக்டர் தொடங்கிய டெலிஷியஸ் தளம் சுட்டிகளுக்குச் செய்ததை ஃபிளிக்கர் படங்களுக்குச் செய்தது. பயனரே குறிச்சொல் இடலாம். அதே சொல்லை இட்ட பிறர் படங்களையும் காணலாம். வலைப்பதிவின் ஓரப்பட்டையில் இரண்டையும் பொருத்த முடிந்ததால் சுட்டியும் படமும் பரிந்துரைத்த மென்பொருளும் ஒரே பக்கத்தில் அமர்ந்தன. 2005இல் இரு தளங்களையும் யாகூ வாங்கியது.

4. தமிழ்: எழுத்துருவே முதற்பகிர்வு

தமிழில் மென்பொருளைப் பகிராமல் வேறெதையும் பகிர முடியவில்லை. 1990களில் ஒவ்வொரு எழுத்துருவும் தமிழெழுத்துகளைத் தனக்கேற்ற இடங்களில் வைத்திருந்தது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குறியிட்ட உரோம எழுத்துகள் இறைந்து கிடக்கும். தமிழில் ஓரெழுத்தும் தெரியாது. எனவே அன்றைய தமிழ்ப் பக்கங்கள் பலவற்றின் தலைப்பிலேயே எழுத்துருவை இறக்கிக்கொள்ளச் சுட்டி இருந்தது. சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாக அளித்தார். மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் வந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சிட்ட இலக்கியங்களை வழங்கலாயிற்று.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி, எழுத்துகளின் இடங்களைப் பொதுவாக வரையறுக்கும் தாம் (TAM), தாப் (TAB) என்ற குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் உருவாயின. திஸ்கி என்ற குறியேற்றத்தைப் பல நாட்டுத் தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே கலந்து பேசி வகுத்தனர். ஒருங்குறியில் (யூனிகோடு) தமிழ் 1991 முதலே இருந்தபோதும், விண்டோஸ் 2000, எக்ஸ்பி வந்த பிறகே அது பொதுவாசகரை எட்டியது. இலவசமாகக் கிடைத்த எ-கலப்பை அதில் தட்டச்சிடும் வழியைத் தந்தது. 2003 முதல் தமிழ் வலைப்பதிவுகள் தலையெடுத்தன; 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி அவற்றைச் சேர்த்துக் காட்டியது. சுட்டி, பதிவர், திரட்டி, மறுமொழி ஆகிய சொற்கள் புழக்கத்தில் நிலைத்தது இக்காலத்தில்தான். எழுத்துருச் சிக்கல் தீர்ந்ததும் அந்த முதற்பகிர்வு கண்ணில் படாமல் மறைந்தது.

5. காப்பு யார் கையில்?

அடுத்து நடந்தவை கருதுகோளை உறுதி செய்கின்றன. தமிழர்களின் தனிப்பக்கங்கள் பலவும் இடம்பெற்றிருந்த ஜியோசிட்டீஸை யாகூ 2009 அக்டோபரில் மூடியது. தன்னார்வலர்கள் ஒரு பகுதியையே மீட்டனர். சொந்த வழங்கிக்கு அனுப்பும் வசதியைப் பிளாகர் 2010 மே மாதத்தில் நிறுத்தியது. பதிவுகளைத் தொடர்ந்து படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 சூலையில் மூடப்பட்டது. டெலிஷியஸ் பல கை மாறி, 2017இல் புதிய சுட்டிகளை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. 2013இல் ஒரு டெராபைட் இடத்தை இலவசமாகத் தந்த ஃபிளிக்கர், 2018இல் கைமாறிய பின் இலவசக் கணக்குக்கு 1,000 படங்கள் என்று வரம்பிட்டு, மிகுதி நீக்கப்படும் என்று அறிவித்தது.

முடிவுரை

1982இல் ஒரு நிரலைப் பரப்ப வட்டும் அஞ்சல்தலையும் வேண்டியிருந்தன. அந்தச் சிரமமே ஒவ்வொரு பெறுநரிடமும் ஒரு முழுப்படியை விட்டுச்சென்றது. இன்று பகிர்வில் சிரமமில்லை; பெறுநரிடம் படியும் இல்லை, ஒரு முகவரி மட்டுமே இருக்கிறது. தமிழுக்கு இழப்பு இருமடங்கு: பக்கம் போனால் ஆக்கம் போகும், பக்கம் எஞ்சினாலும் பழைய குறியேற்றம் அறியாதவருக்கு அது வெறும் கிறுக்கல். ஆகவே பழைய திஸ்கி, தாப் கோப்புகளை வைத்திருப்போர் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி மூலத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். பதிவு எழுதுவோரும் படம் பகிர்வோரும் சேவை தரும் ஏற்றுமதி வசதியைப் பயன்படுத்தி ஆண்டுக்கொருமுறையேனும் ஒரு படியைத் தம் வன்வட்டில் எடுத்துவைப்பது நல்லது.