தொண்டைமானாற்றங்கரை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. பெய்யும் மழையைச் சுண்ணக்கல் உறிஞ்சி வைத்திருக்க, கிணறு வெட்டி அதை எடுத்துத் தோட்டம் செய்து பிழைத்த மண் இது. அப்படியிருந்தும், வலிகாமத்துக்கும் வடமராட்சிக்கும் இடையே நீண்டு கிடந்து வடக்கே கடலோடு கலக்கும் உவர்நீரேரியைச் சனங்கள் ஆறு என்றே சொல்லி வருகிறார்கள். வள்ளம் விடவும் வலை வீசவும் கரையில் சில நாள் தங்கிப் போகவும் குடாநாட்டார் தலைமுறை தலைமுறையாகத் தேடி வந்த இடம் தொண்டைமானாறு. அமைதியாகக் கிடக்கும் இந்த நீரில் மனிதர் பலமுறை கை வைத்திருக்கிறார்கள். ஒருகாலம் உப்புக்காக, இன்னொரு காலம் நன்னீருக்காக.

ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய ‘யாழ்ப்பாண வைபவமாலை’ உப்பின் கதையைச் சொல்கிறது. கரணவாயிலும் வெள்ளப்பரவையிலும் தானாக விளையும் உப்பை ஏற்றிப்போகத் தொண்டைமான் வந்தான். மரக்கலங்கள் உள்ளே வந்து போவதற்காக நீர்வழியை வெட்டித் திருத்தினான் என்பது அதன் சாரம். குலோத்துங்க சோழனின் படைத்தலைவனாகக் கலிங்கத்தை வென்ற கருணாகரத் தொண்டைமானே அவன் என்கிறது மரபு. அது எவ்வளவு தூரம் வரலாறு என்று வாதிடலாம். உப்பு விளைவதில் வாதம் இல்லை. கோடையில் நீர் வற்றும்போது கரணவாய்ப் பக்கத்துத் தரவைகளில் அது வெள்ளையாய்ப் படிந்து கிடக்கும்.

நீரேரி ஆழமற்றது. துடுப்பைவிடக் கம்புக்கே இங்கு வேலை அதிகம். வள்ளத்தில் நின்றபடி கம்பைச் சேற்றில் ஊன்றித் தள்ளிப் போகிறார்கள். வள்ளம் இல்லாதவர் இறங்கி நடக்கிறார். இடுப்பில் பனையோலைப் பறி, தோளில் மடித்துப் போட்ட வீச்சுவலை. இறால் துள்ளும் இடத்தைக் கண்டதும் உடம்பைத் திருப்பி ஒரே வீச்சில் வலையை விரிக்கிறார். விளிம்பில் கோத்த ஈயக்குண்டுகள் அடிமண்ணைத் தொடும்வரை பொறுத்திருந்து, பிறகு அவசரப்படாமல் கூட்டி இழுக்கிறார். இறாலோடு திரளியும் மணலையும் நண்டும் ஏறும். விற்றது போக மிஞ்சியது ஒடியற்கூழுக்குப் போகும். மீனும் நண்டும் இறாலும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் ஒன்றாய் வெந்த பிறகு, கரைத்த ஒடியல்மாவும் புளியும் செத்தல் மிளகாய்க் கூட்டும் சேரும். அந்தக் கூழைப் பிளாவில் வார்த்துச் சுடச்சுடக் குடிப்பதே வழக்கம்.

இந்தக் கரையின் தெய்வமும் மீனவர் வழி வந்தவர்தான். செல்வச்சந்நிதி முருகனை முதலில் வழிபட்டவர் மருதர் கதிர்காமர் என்ற மீனவர் என்பது தலவரலாறு. பூசை இன்றும் அவர் வழியினரிடமே இருக்கிறது. மந்திரம் ஓதுவதில்லை, வாயைத் துணியால் கட்டி, மௌனமாகவே பூசை செய்கிறார்கள். 65 ஆலிலைகளில் அமுது படைக்கப்படுகிறது. ஆற்றங்கரையான் என்றும் அன்னதானக் கந்தன் என்றும் அழைக்கப்படும் அவரைத் தேடி, ஆவணித் திருவிழாவில் குடும்பம் குடும்பமாக வருவோர் மடங்களிலும் மணலிலும் படுத்தெழுந்து, ஆற்றில் தோய்ந்து, அன்னதானம் உண்டு நாட்களைக் கழிப்பார்கள். கிழக்குக் கரை வழியே கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் பாதயாத்திரையும் இந்த வாசலில்தான் தொடங்குகிறது.

20ஆம் நூற்றாண்டில் நன்னீரின் முறை வந்தது. மாரி வெள்ளம் வீணே கடலுக்கு ஓட, உவர்நீர் உள்ளே ஏறித் தோட்டக் கிணறுகளையும் வயல்களையும் கெடுக்கிறது என்பது கமக்காரரின் நெடுநாள் முறைப்பாடு. அதற்கு மருந்தாக, 1950களின் முற்பகுதியில் தொண்டைமானாற்றின் வாயில் கதவுகள் கொண்ட தடுப்பணை எழுந்தது. 1954இல் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் இன்னும் பெரிய திட்டத்தை முன்வைத்தார். கனகராயன் ஆறு கொண்டுவரும் நீரை ஆனையிறவு நீரேரியில் தேக்கி, முள்ளியானில் சுமார் 4 கிலோமீற்றர் வாய்க்கால் வெட்டி வடமராட்சி நீரேரிக்குத் திருப்பினால், உப்பு படிப்படியாகக் கழுவப்பட்டுக் குடாநாட்டுக்கு ஓர் ஆறு கிடைத்துவிடும் என்பது அவருடைய கணிப்பு. வேலை தொடங்கியது, முள்ளியான் வாய்க்கால் முடிவடையவில்லை.

அந்தக் கணக்கில் மீனவருக்கும் இடம் வேண்டும். இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் நீரேரிக்குள் வந்து வளர்ந்து திரும்புகின்றன. வாய் அடைபட்டால் அந்த வரவும் அடைபடும். கிணற்றை நம்பிய வீடும் வலையை நம்பிய வீடும் ஒரே கரையில் இருக்கையில், கதவு எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பதை இருவரும் கூடியே முடிவு செய்ய வேண்டும்.

இந்த நீரைப் படிப்பதற்கென்றே ஒரு நிறுவனமும் இங்கு பிறந்தது. தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்துக்கு வந்த உயிரியல் மாணவர்கள், பாடப்புத்தகத்தில் படமாகப் பார்த்த உயிரினங்களை நீரேரியில் நேரில் கண்டு படித்தார்கள். போர் வந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்து உயர் பாதுகாப்பு வலயமானது. நீரேரி வாயின் மேற்கே இருக்கும் வளலாய் மக்கள் ஊர் திரும்ப 2015 வரை காத்திருக்க நேர்ந்தது. வெளிக்கள நிலையத்தின் பெயர் மட்டும் அதன் பரீட்சைத் தாள்களில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. வடக்கில் உயர்தரம் எழுதிய பலருக்குத் தொண்டைமானாறு முதலில் பழக்கமானது அந்தத் தாள்களின் தலைப்பில்தான். அவர்களுள் பொறியியலாளரானவர்களும் உயிரியல் ஆசிரியரானவர்களும் உண்டு. முள்ளியான் வாய்க்கால் பற்றிய பேச்சு மீண்டும் எழும்போதெல்லாம், தடுப்பணைக் கதவருகே வலை வீசுபவரையும் அந்தப் பேச்சுக்கு அழைத்து உட்கார வைக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.